வில்லையில் படிந்த புழுக்கம்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் விடியப்போகும் நேரம். கடனீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையைத் தோளில் மடித்துப் போட்டபடி நின்றார். அவருக்குப் பின்னால் களங்கண்ணித் தடிகள் வரிசையாக ஊன்றி நின்றன. கிழக்கே கோட்டை மதிலின் மேல் வெளிச்சம் இன்னும் ஏறவில்லை. கமராவைப் பையிலிருந்து எடுத்து மூடியைக் கழற்றிக் கண்ணில் வைத்தேன். வலை விரிந்த சத்தம் கேட்டது. நான் கண்டதெல்லாம் வெண்மை. வில்லையின் முகம் முழுக்க ஆவி படிந்திருந்தது. சாரத்தின் நுனியால் துடைத்தேன். துடைத்த கையோடு மறுபடியும் படிந்தது. மூன்றாம் முறை துடைத்தபோது கண்ணாடியில் கோடுகோடாக ஈரம் இழுபட்டது. வலை ஐந்தாறு தடவை விரிந்து சுருங்கியது. வில்லை தெளிந்தபோது அவர் பாலத்தின் ஓரக் கல்லில் அமர்ந்து மீனைக் கழற்றிப் பறிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

“குளிருக்கை வைச்சிருந்தனீரோ? அது ஊர்க் காத்துக்குப் பழகவேணும், தம்பி. கொஞ்சம் பொறும்.”

அவர் சொன்னது சரி. நான் பிறந்த ஊருக்கு வந்து, வீடு இல்லாததால் நகரத்து விடுதியொன்றில் குளிரூட்டிய அறையில் படுத்திருந்தேன். அறைக்குள் 22 பாகை. வெளியே விடிகாலையில் 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால், ஏறத்தாழ 25 பாகைக்குக் குறைவான எந்தப் பொருளைக் கண்டாலும் அந்தக் காற்று தன் ஈரத்தை அதன்மேல் இறக்கிவைத்துவிடும். பனிபடுநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை துடைத்துப் பயனில்லை. அறைக்குள்ளேயே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஈரம் பையின் மேல் படியும். அரைமணி கழித்துப் பையை அவிழ்க்கலாம். அதைவிட நல்லது இரவே பையை விறாந்தையில் வைத்துவிடுவது. இப்போது அப்படித்தான் செய்கிறேன். கமரா ஊர்க் காற்றில் படுத்துறங்குகிறது.

பொறும் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் குடாநாட்டில் படம் எடுப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

*

புழுக்கம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லைப் புழுக்கினால் புழுங்கல். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். காற்று அசையாத நாளில் உடம்பு படும் பாடு புழுக்கம். வெளியே சொல்லமுடியாததை உள்ளே வைத்திருந்து வேகுவதும் புழுக்கந்தான். சூடும் ஈரமும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு பொருளை உள்ளிருந்து மாற்றுவதற்கு எங்கள் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அடுப்படியிலிருந்து மனதுவரை அது போகிறது.

குடாநாட்டில் மலை இல்லை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. தொண்டமானாறு என்று பெயர் சொன்னாலும் அது கடல்நீரேரியின் கைதான். எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. பனையைவிட உயரமானவை கோபுரங்கள்தான். ஆகவே இங்கே பருவத்தைக் காற்றின் பெயரால் சொல்கிறார்கள். சோளகம், வாடை, கச்சான், கொண்டல். சோளகம் வீசும் மாதங்களில் வெயில் கொளுத்தினாலும் வியர்வை உலர்ந்துவிடும். ஒரு காற்று விட்டு மற்றது பிடிக்கும் இடைவெளிதான் கொடியது. சித்திரையிலும், ஐப்பசி மழைக்குச் சற்று முன்பும், பனையோலை ஒன்றுகூட அசையாது. அப்போது எடுத்த படத்தைப் பிறகு பார்த்தால் நீல வானம், வெண்மணல், பனை. சொர்க்கம்போல இருக்கும். சேட் முதுகில் ஒட்டிக்கிடந்ததும், மூச்சு கனத்ததும், கிணற்றடிக்குப் போன கால்கள் திரும்ப மனமில்லாமல் நின்றதும் அதில் இராது. வெயிலை ஒளியாகப் பிடித்துவிடலாம். புழுக்கம் ஒளியில் இல்லை.

யாழ்ப்பாண நகரத்துக்கு நேர் உச்சியில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஒன்று ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டையொட்டி; மற்றது ஆகஸ்ட் கடைசியில், பெரும்பாலும் நல்லூர்த் திருவிழா நடக்கும் காலத்தில். சித்திரையில் அந்த நாளில் மதியம் 12 மணி 10 நிமிடமளவில் முற்றத்து உரலுக்கு நிழலே இல்லை. ஆளின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். கண்குழி கறுத்து, மூக்கும் நெற்றியும் வெளுத்து, எந்த முகமும் படத்தில் மண்டையோட்டுக்கு நெருக்கமாய்த் தெரியும். வெண்மணலையும் வானத்தையும் அளந்து கமரா தானாகவே ஒளியைக் குறைக்க, எங்கள் கறுத்த முகங்கள் இன்னும் கறுத்துப்போகும். நிற அச்சுகளைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் அனுப்பிவந்த மாதிரிப் படங்களில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வெயிலையும் எங்கள் தோலையும் மனதில் வைத்து அந்தக் கருவியை யாரும் செய்யவில்லை.

மதியத்தில் படம் எடுப்பதில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பயணி வாடகை வாகனத்தில் பகல் 12 மணிக்கு ஒரு கிராமத்துக்குள் நுழைகிறார். ஒழுங்கையில் ஆளில்லை. பனைமட்டை வேலி, பூட்டிய படலை, வெறித்த வெளிச்சம். படம் எடுத்துப் போய், போர் தின்ற ஊர், மனிதர் அற்ற ஊர் என்று கீழே எழுதிவிடுகிறார். அந்த நேரம் ஊர் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கிறது. நாலரைக்கு அதே ஒழுங்கையில் சைக்கிள் மணி, தேங்காய் துருவும் சத்தம், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள். ஆனால் எல்லாப் படலையும் மாலையில் திறப்பதில்லை. சில வீடுகள் உண்மையாகவே வெறுமையானவை. ஆட்கள் கனடாவிலோ, மண்ணுக்குள்ளோ இருக்கிறார்கள். மதியத்துப் படத்தில் இந்த இரண்டு மௌனங்களும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு தெரியவேண்டுமானால் அந்தி வரைக்கும் அந்த ஊரில் இருக்கவேண்டும். எங்கள் துயரத்தை மிகைப்படுத்தும் படத்தையும் நான் பொய் என்றுதான் சொல்வேன், அது எங்களுக்காகவே எடுக்கப்பட்டிருந்தாலும்.

இருப்பதற்கு இடம் இந்த மண் முன்பே கட்டி வைத்திருக்கிறது. பழைய வீடுகளின் வாசலில் சங்கடப்படலை என்று கூரை வேய்ந்த படலை இருந்தது. வீட்டுக்காரரைத் தெரியாதவரும் அதன் நிழலில் இருந்து தண்ணீர் குடித்துப் போகலாம். பருத்தித்துறையில் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது: வீதியே மடத்தின் நடுவால் போகிறது; இரு பக்கமும் கல்தூண்களும் திண்ணைகளும், மேலே கூரை. வெயிலில் வருகிற எவருக்கும், கேளாமலே, பத்தடி நிழல். ஒரு மதியம் முழுக்க அங்கே இருந்தேன். கல் குளிர்ந்திருந்தது. கூரைக்கு அப்பால் வெளிச்சம் சுவர்போல நின்றது. நிழலுக்குள் வந்த ஒவ்வொருவரின் தோளும் இரண்டு அங்குலம் தாழ்ந்து இறங்கியதைப் பார்த்தேன். புழுக்கத்தை நேரே எடுக்க முடியாது. நிழலுக்குள் வந்தவரின் உடம்பு ஆறுவதை எடுக்கலாம்.

*

இந்த வெக்கையோடு படக்கலை போராடிய கதை நீளமானது. 1851இல் வந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்தக் கணமே கழுவவேண்டும். அந்த மருந்திலுள்ள ஈதர் ஏறத்தாழ 35 பாகையில் கொதித்துவிடும். சித்திரை வெயிலில் ஒரு கூடாரத்துக்குள் அந்தச் சூடு சாதாரணம். 1857 கடைசியிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று கோயில்களைப் படமெடுத்த லினேயஸ் ட்ரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய தாளையே எதிர்ப்படத்துக்குப் பயன்படுத்தினார். முன்கூட்டியே செய்துவைத்துக்கொள்ளலாம், காய்ந்தாலும் கெடாது. இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். 1879இல் இறக்கும்வரை அவர் இங்கே எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. மருந்தும் நல்ல தண்ணீரும் கிடைப்பது அரிதாக இருந்தது; வெக்கையும் விடவில்லை.

அவர்கள் போனபின்பும் இங்கே இருந்து அந்தப் போராட்டத்தை நாள்தோறும் நடத்தியவர்கள் எங்கள் ஸ்ரூடியோக்காரர்கள். அப்படி ஒரு முதியவரோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன். ஸ்ரூடியோ மூடி வெகுகாலம். பலகைக் கதவுகள் மட்டும் உண்டு. பிலிமின் மேலிருக்கும் மருந்துப் படலம் ஜெலற்றின். மாட்டெலும்பிலும் தோலிலும் எடுக்கும் பசை. அதைக் கழுவ 20 பாகைத் தண்ணீர் வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்றில் அந்தத் தண்ணீர் எந்த மாதமும் இல்லை. 30 பாகையைத் தாண்டினால் படலம் ஊதி, இளகி, சுருங்கிவிடும்.

“சாமத்திலைதான் கழுவுறது. மீனுக்குப் போடுற ஐஸைச் சாக்கிலை சுத்திக் கொண்டந்து, தண்ணிப் பேணியைச் சுத்தி அடுக்குவன். படிக்காரம் கொஞ்சம் போட்டாத்தான் படலம் இறுகும். கடைசித் தண்ணி மழைத்தண்ணி. எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்பெல்லோ, காய்ஞ்சா வெள்ளைப் புள்ளி விழும்.”

குடாநாடு முழுதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்தான் மழையைத் தாங்கிக் கிணறுகளுக்குத் தருகிறது. அதே கல் படத்தில் புள்ளியாக வந்து உட்கார்ந்தது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கோடை முழுக்கப் படம் கழுவிய கை அவருடையது.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, யன்னல் பக்கம் பிடித்து, என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தன. ஆலம்விழுதின் நுனி மண்ணைத் தொட்டதும் பிரிவதுபோல ஒவ்வொரு இழையும் இரண்டாய், நான்காய்ப் பிரிந்து, முடிவில் புகைபோல மங்கியது. பூஞ்சணம். ஈரப்பதன் கிழமைக்கணக்காக 60 வீதத்துக்கு மேல் நின்றால் போதும். இருட்டும் அசையாக் காற்றும் கூட இருந்தால் தூசியையும் கைப்பிசுக்கையும் தின்று அது வளரும். வளரும்போது விடும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும்; பிறகு துடைத்தாலும் அதன் தடம் போகாது. போர்க்காலத்தில் சொந்த வீட்டை விட்டு ஓடியபோது இந்த வில்லை பெட்டியோடு அடைபட்டுக் கிடந்ததாம்.

“பாவிக்கிற கமராவுக்குப் பூஞ்சணம் வராது, தம்பி. பூட்டி வைச்சதுக்குத்தான் வரும்.”

இதைவிடச் சிறந்த பராமரிப்பு விதி எனக்குத் தெரியாது. காற்றுப் புகாத பெட்டியும், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளும் நல்லவைதான். நீலமாயிருக்கும் மணி ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகும். சட்டியில் இளஞ்சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். அது கிடைக்காத நாளில் அரிசியை வறுத்து, தூள் கொட்டாத துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார்கள். உப்புச் சாடிக்குள் நாலு அரிசி போடும் அம்மாவின் அறிவு அது. நெடுந்தீவுக்குப் படகில் போய்வந்தால் வில்லையில் உப்புத் தெறித்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புக் கல் கண்ணாடியைக் கீறும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுக்கவேண்டும். எல்லாம் செய்யலாம். ஆனாலும் வெயில் காட்டி, காற்றுக் காட்டி, எடுத்துப் பாவித்துக்கொண்டே இருப்பதுதான் காவல்.

அவருடைய பழைய ஸ்ரூடியோவில் ஒரு கண்ணாடியும் சீப்பும் பவுடர் ரின்னும் எப்போதும் இருந்தன. பத்துக் கட்டை தூரம் சைக்கிள் மிதித்து வந்தவர்களை முதலில் விசிறிக்குக் கீழே இருத்துவாராம். “வேர்வை அடங்காமல் ஆரையும் எடுக்கமாட்டன்.” பயணம் வந்து படமெடுக்கும் நாங்களோ வியர்வையைத் தேடிப் போகிறோம். வியர்வை கறுத்த முகத்தில் ஒளியைப் பிடித்து வைக்கிறது, கன்ன எலும்பையும் நெற்றியையும் செதுக்கிக் காட்டுகிறது, அழகுதான். ஆனால் அந்த முகத்துக்குரியவர் தன்னை எப்படிப் பார்க்க விரும்புவார் என்று பவுடர் ரின் சொல்லிவிட்டது. வெக்கையோடு நாள் முழுக்கப் போராடுபவர் படத்திலாவது அதை வென்று நிற்க ஆசைப்படுகிறார். அந்த ஆசையைக் கேட்காமல் எடுத்த படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதில் ஒரு பறிப்பு இருக்கிறது. இப்போதெல்லாம் நான் கேட்கிறேன். முகம் கழுவி வருகிறேன் என்பவருக்காகக் காத்திருக்கிறேன். திரும்பி வரும் முகத்தில் நீர்த்துளி நிற்கும், தலைமயிர் வாரியிருக்கும், என்னை நேராகப் பார்க்கும்.

*

இந்த நாட்டுக் காற்றில் எதையும் வைத்திருப்பது பெரும்பாடு என்பதைப் படக்கலை வருவதற்கு முன்பே எங்கள் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஏட்டுக்கு எண்ணெய் பூசினார்கள், மஞ்சள் தடவினார்கள், அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டி வைத்தார்கள். அதற்கும் மேலாக, பெயர்த்து எழுதினார்கள். ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. பழைய ஏடு உதிர்வதற்குள் புது ஓலையில் ஏறினால்தான் நூல் பிழைக்கும். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கையில் எடுத்ததும் சிதையும் ஏடுகளைப் பற்றி நெஞ்சு வெந்து எழுதினார். ஈரமும் செல்லும் தின்று எஞ்சியதை அவர் அச்சில் ஏற்றினார். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சேர்ந்திருந்ததை 1981 மே 31 இரவு தொடங்கிய தீ தின்றது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு மறுபிரதி இல்லாத ஏடுகள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் பெயர்த்து வைப்பதை அதே ஏட்டுத் தொழிலின் தொடர்ச்சியாகவே காண்கிறேன்.

வீட்டுப் படங்களுக்கு அப்படி ஒரு காவல் இருக்கவில்லை. 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் போரில் இடம்பெயர்ந்து, மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தார்கள். காணி உறுதி, நகை, அடையாள அட்டை, ஓரிரு உடுப்பு. அல்பம் பாரம். கொண்டுபோனவர்களின் அல்பத்தில் மழை இறங்கியது. விட்டுப்போனவர்களுடையது கூரை பிரிந்த வீட்டில் கிடந்து ஊறியது. நான் பிறந்தது முதல் ஏழு வயது வரை எனக்கு முகமே இல்லை.

*

மார்கழியில் பண்ணைக்குத் திரும்பப் போனேன். அந்த ஆவணிக் காலையில் கடைசியாக எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன்: கல்லில் அமர்ந்து, மடியில் வலை, பொறும் என்று சொன்ன வாய் இன்னும் மூடாத முகம். அவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். மனைவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை ஓரத்தில் பிடித்துப் பார்த்தார். சுவரில் மாட்டவில்லை. மாரிக்குச் சுவர் ஊறும் என்று சொல்லி, ஒரு பிஸ்கட் ரின்னைத் திறந்து, காணி உறுதிக்கு மேலே வைத்தார்.

ரின்னுக்குள் சட்டம்போட்ட சிறிய படம் ஒன்று இருந்தது. அந்த மீனவரின் தகப்பன். கோட் போட்டு, பின்னால் சீலையில் தீட்டிய படிக்கட்டும் பூந்தொட்டியும். இடம்பெயர்ந்த மழையில் நனைந்து, கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இடது கன்னமும் காதும் வெண்மையாய்க் கரைந்து, ஓரத்தில் பூஞ்சண இழைகள் தொடங்கியிருந்தன. இதைக் கண்ணாடியிலிருந்து எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். எடுக்கக்கூடாது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கண்ணாடிக்கு மேலாலேயே ஒரு படம் எடுத்துவிடலாம் என்றேன்.

படத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்து, வெயில் நேரே படாத இடமாகப் பார்த்து, தென்னங்குற்றி மேல் சாய்த்தோம். கண்ணாடியில் என் உருவமும் பனையும் தெரிந்தன. அவர் கறுப்புச் சேலை ஒன்றை என் பின்னால் விரித்துப் பிடிக்க, அந்த முகம் தனியே மேலே வந்தது. எஞ்சியிருந்த கண் என்னைப் பார்த்தது. மூன்று முறை எடுத்தேன். இந்தக் குடாநாட்டில் சுற்றி நான் எடுத்த படங்களில் எதை வைத்திருப்பாய் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதில் என் பார்வை என்று எதுவும் இல்லை. முன்னொருவர் சாமத்தில் ஐஸ் அடுக்கிக் கழுவிய படம் ஒன்று அடுத்த ஓலைக்கு ஏறியிருக்கிறது.

கமராவைப் பைக்குள் வைக்கும்போது மனைவி கேட்டார்.

“ரெண்டு போட்டுத் தாரும், தம்பி. ஒண்டு இஞ்சை ரின்னுக்கை கிடக்கட்டும். மற்றது பிள்ளையிட்டைப் போகட்டும்.”